14×11 அடிப் பின்கட்டு, கிருஷ்ணகிரி: கோலத் தகடு, உரல் நீரூற்று, கல்லுக்கால் பந்தல் – எப்படிச் செய்வது?

பின்கட்டு (கேள்வி)

வணக்கம். கிருஷ்ணகிரி பழையபேட்டைப் பக்கம் தனி வீடு, ஒரே தளம். வீட்டுக்கு மேற்கே 14 அடிக்கு 11 அடியில் பின்கட்டு. கடைசியில் 7 அடி உயர ஹாலோ பிளாக் மதில்: 6 அங்குல பிளாக், இரண்டு பக்கமும் பூசியது, முழுக்க எங்கள் எல்லைக்குள். காலை பத்து மணி வரை வீட்டு நிழல், மூன்று மணிக்கு மேல் மதில் நிழல். ஒன்றேகால் அடி தோண்டினாலே பாறை தட்டுகிறது. போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிகிறது.

கடையில் விற்கும் புத்தர் தலை, ஃபைபர் அருவி எதுவும் வேண்டாம். இந்த ஊருக்கென்று அளவெடுத்துச் செய்ததாக இருக்க வேண்டும் என்று நினைக்கிறோம். மனதில் இருப்பது மூன்று:

1. மதிலில் 3×5 அடியில் சிக்குக் கோலம் வெட்டிய இரும்புத் தகடு.
2. பழைய கல் உரலில் நீரூற்று. வாய் ஒன்றரை அடி அகலம், உயரம் 15 அங்குலம். உரல் கையில் இருக்கிறது.
3. நான்கு கல்லுக்கால் நட்டு, மேலே கொடிப் பந்தல்.

என்ன அளவு, என்ன பொருள், எங்கே தப்பு நடக்கும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பட்டறை

தகடைப் பத்தி மட்டும் சொல்றேன். கல்லுக்கு வேற ஆளு வருவாங்க.

சிக்குக் கோலத்தை லேசருக்குக் குடுக்கும்போது முதல்ல நடக்கிற தப்பு, கம்பியை, அதாவது கோலத்தோட கோட்டை, வெட்டச் சொல்றது. கம்பி சுத்தி வந்து மூடிக்கும் இல்லையா, மூடின கோட்டை வெட்டினா உள்ள இருக்கிற தகடு மொத்தமும் கீழ விழுந்துடும். மிஷின் மேல சில்லு சில்லா கிடக்கும், உங்க கைக்கு வெறும் சட்டம்தான் வரும். அதனால தலைகீழா யோசிக்கணும்: கம்பி இரும்பா நிக்கணும், சந்து வெட்டுப்படணும்.

அப்படி வரும்போது அடுத்த சிக்கல், கம்பி எங்க சட்டத்தைத் தொடுதுங்கிறது. 1-3-5-7-5-3-1னு சாய்சதுரமா வர்ற கோலம் சட்டத்தை நாலு முனையில மட்டும்தான் தொடும். மாட்டின பிறகு தட்டிப் பாத்தா தாம்பாளம் மாதிரி அதிரும். நேர்ப்புள்ளியில செவ்வகமா போடுங்க. உங்க அளவுக்கு 7 புள்ளி, 12 வரிசை சரியா உக்காரும். புள்ளிக்குப் புள்ளி 120 மி.மீ. வெச்சா கோலம் 840×1440, சுத்தி 30 மி.மீ. சட்டம், மொத்தம் 900×1500. ஓரத்து வளைவு ஒவ்வொண்ணும் சட்டத்துக்குள்ள 6 மி.மீ. புதையணும். சும்மா தொட்டுக்கிட்டு நின்னா அந்த இடம் முடி மாதிரி மெலிஞ்சு, முதல்ல அங்கதான் விடும்.

7க்கு 12ல இன்னொரு வசதி. அக்கம்பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவுல எல்லா இடத்துலயும் கம்பி குறுக்க போற முழுப் பின்னல் போட்டீங்கன்னா, 7க்கும் 12க்கும் பொது வகுத்தி 1தான்கிறதால மொத்தக் கோலமும் ஒரே கம்பியில முடியும். 6க்கு 12 போட்டா ஆறு தனிக் கம்பி, 7க்கு 7 போட்டா ஏழு. லேசருக்கு இது ஒரு பொருட்டே இல்ல. ஆனா கோலம் போடத் தெரிஞ்சவங்க வந்தா விரல் வெச்சு ஓட்டிப் பாப்பாங்க.

கம்பி அகலம் 12 மி.மீ., தகடு 3 மி.மீ. 2 மி.மீ. தகடுல இத்தனை வெட்டு விழுந்தா சூட்டுல அப்பளமா நெளியும். முழுத் தகடு 32 கிலோ. வெட்டின பிறகு 11 கிலோ சுமாருக்கு நிக்கும். பின்னாடி சட்டத்தை ஒட்டி 25×25 சதுரக் குழாய், 1.6 மி.மீ. கனம். வெல்டிங்கை ஒரே ஓட்டமா இழுக்காதீங்க. ஆறு அங்குலத்துக்கு ஒரு அங்குலம், ஒரு பக்கம் வெச்சா அடுத்தது எதிர்ப்பக்கம். கீழ்க் குழாயில 6 மி.மீ. ஓட்டை ரெண்டு போட்டுருங்க, இல்லன்னா உள்ள தண்ணி நின்னு உள்ளிருந்தே துரு பிடிக்கும்.

பெயின்ட் உரியறதுக்கு முக்கால்வாசி காரணம் வெட்டு விளிம்புதான். ஆக்சிஜன் விட்டு வெட்டின விளிம்புல நீலக் கறுப்பா ஒரு படலம் நிக்கும். அதுமேல பவுடர் கோட்டிங் போட்டா ஒரு மழைக்காலம் தாங்கும், அப்புறம் விளிம்போட உரிஞ்சு வரும். உப்புத்தாள் போட்டோ, மணல் அடிச்சோ அதை எடுத்துட்டு, துத்தநாக பிரைமர், அதுமேல வெளிப்புறத்துக்கான பாலியெஸ்டர் பவுடர். அடுப்புக்குள்ள 5 அடி போகுமான்னு கோட்டிங் போடுற இடத்துல முன்னாடியே கேளுங்க.

மாட்டறது: ஹாலோ பிளாக்ல சாதா ஆங்கர் போல்ட் பிடிக்காது, குழிக்குள்ள சுத்தும். நாலு மூலைக்கும் வர்ற இடத்துல பிளாக்கோட முகத்தை உடைச்சு, குழியில 1:2:4 காங்கிரீட் (சிமெண்ட், மணல், ஜல்லி) ரொப்பி, 10 மி.மீ. ஸ்டெயின்லெஸ் மரைக்கம்பி பதிங்க. ஏழு நாள் தண்ணி காட்டினப்புறம் மாட்டுங்க. சுவருக்கும் தகடுக்கும் 2 அங்குலம் இடைவெளி. சித்திரை வைகாசியில பத்தேகால் வாக்குல சூரியன் கிட்டத்தட்ட 60 டிகிரி உயரத்துல இருக்கும்; 2 அங்குல இடைவெளிக்கு நிழல் மூணரை அங்குலம் கீழ இறங்கி, வெள்ளைச் சுவர்ல ரெண்டாவது பின்னல் தெரியும். 4 அங்குலம் விட்டா நிழலோட ஓரம் கொஞ்சம் மங்கும்.

புள்ளி? இரும்புல வராது, அந்தரத்துல நிக்க முடியாது. சுவர்ல வரைஞ்சா நேர் எதிர்ல நின்னா மட்டும் நடுவுல தெரியும், ஒரு அடி நகர்ந்தா ஓடிப்போகும். விட்டுடுங்க. ஓட்டையே புள்ளிதான்.

---

உளிச்சத்தம்

உரலை முதலில் தட்டிப் பாருங்கள். சிறு சுத்தியலால் விளிம்பைச் சுற்றி ஐந்தாறு இடத்தில் தட்டினால் எல்லா இடத்திலும் கணீரென்று ஒரே ஓசை வர வேண்டும். எங்காவது ‘டப்’ என்று செத்த ஓசை வந்தால் உள்ளே மயிரிழை விரிசல் இருக்கிறது. அதில் துளை போட்டால் இரண்டாகப் பிளக்கும்.

இந்த அளவு உரல் 140 முதல் 160 கிலோ வரை இருக்கும் (கருங்கல் ஒரு கன அடி சுமார் 76 கிலோ). துளையை வீட்டில் போட வேண்டாம். கிரானைட் பட்டறையில் கவிழ்த்து வைத்து, 25 மி.மீ. வைர கோர் பிட்டால், தண்ணீர் விட்டுக்கொண்டே, அடியிலிருந்து மேலே போட வேண்டும். கடைசி அரை அங்குலத்தில் அழுத்தம் கொடுத்தால் குழியின் உள்பக்கம் சில்லு தெறிக்கும். அதனால் உரல் குழிக்குள் மணலை இறுக்கி நிரப்பிவிட்டுக் கவிழ்ப்பார்கள். அதிரும் டிரில்லில் அடித்துத் துளைக்கிறேன் என்று யாராவது வந்தால் அனுப்பிவிடுங்கள்.

அடித்தொட்டிக்கு 3 அடி விட்டம், 1 அடி உயரச் சிமெண்ட் உறை ஒன்று போதும். அடியில் 3 அங்குலக் காங்கிரீட். ஆக மொத்தம் ஒன்றேகால் அடி. பாறை தட்டும் ஆழத்துக்குச் சரியாக நிற்கும், உடைக்க வேண்டியதில்லை. 10 அங்குலம் நிரப்பினால் சுமார் 150 லிட்டர். உள்ளே நீர்க்கசிவுத் தடுப்பு கலந்த 1:3 பூச்சு. முதல் இரண்டு முறை நிரப்பி மூன்று நாள் விட்டு வடித்து ஊற்றிவிடுங்கள். புதுச் சிமெண்டின் சுண்ணாம்பு அதில் போய்விடும். இல்லாவிட்டால் முதல் மாதமே கல்லில் வெள்ளைத் திரை.

உரலின் பாரம் கம்பி வலைமீது உட்காரக்கூடாது. தொட்டி நடுவில் 9 அங்குலச் சதுரத்தில் காங்கிரீட் குட்டித்தூண், ஒரு பக்கம் குழாய் போக வாய்க்கால் விட்டு. உரல் அதன்மேல். சுற்றிலும் 12 மி.மீ. கம்பியில் இரண்டு அரைவட்டச் சல்லடை, அதன்மேல் நைலான் கொசுவலை, அதன்மேல் இரண்டு அங்குலக் கூழாங்கல். ஒரு அரைவட்டம் மட்டுமாவது ஒற்றை ஆளாகத் தூக்கக்கூடியதாக இருக்கட்டும். பம்பைக் கழுவ 30 கிலோ கல்லை அள்ள வேண்டுமென்றால் யாரும் கழுவ மாட்டார்கள்.

எல்லாப் பக்கமும் சமமாக வழிய வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். இடித்து இடித்துத் தேய்ந்த விளிம்பு மட்டமாக இருக்காது. 2 மி.மீ. பள்ளம் இருந்தாலே தண்ணீர் முழுக்க அந்தப் பக்கம்தான் போகும். ரசமட்டம் வைத்து, ஈயத் தகட்டுத் துண்டு அடியில் கொடுத்துச் சரிசெய்யலாம். அல்லது தாழ்ந்த பக்கத்தை வேண்டுமென்றே வீட்டைப் பார்க்கத் திருப்பி, உளியால் மூன்று விரல் அகலத்துக்கு ஒரு மூக்கு செதுக்கிவிடுங்கள். இரண்டாவதுதான் என் தேர்வு; சத்தமும் நன்றாக வரும், பம்பும் சின்னது போதும்.

கல்லுக்கால்: 5×5 அங்குலம், 8 அடி நீளக் கால் ஒன்று 105 கிலோ சுமாருக்கு வரும். வழக்கமாக இரண்டடி புதைப்போம். உங்களிடம் ஒன்றேகால் அடிதான் இருக்கிறது. காலின் அடியில் நடுவில் 20 மி.மீ. துளை 6 அங்குலம், பாறையில் அதே துளை 8 அங்குலம், 16 மி.மீ. முறுக்குக் கம்பி, ஒட்ட எபாக்ஸி பசை. சுற்றிக் குழியை 1:2:4 காங்கிரீட்டால் நிரப்ப வேண்டும். பாறைத் துளையில் தூள் இருந்தால் எபாக்ஸி தூளைத்தான் பிடிக்கும், பாறையைப் பிடிக்காது. ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதுங்கள். துளை ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. கருங்கல் அமுக்கத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். வளைவை அதில் பத்தில் ஒரு பங்கு தாங்குவதே அரிது. காலுக்குக் கால் கம்பி கட்டி டர்ன்பக்கிள் (கம்பியை இறுக்கும் திருகு) போட்டு வீணைத் தந்தி மாதிரி முறுக்கினால், கால் தரைமட்டத்தில் ஒடியும். திராட்சைத் தோட்டங்களில் கடைசிக் காலுக்கு வெளிப்பக்கம் இழுகம்பி கொடுத்திருப்பது அதற்காகத்தான். உங்களுக்கு அந்த இடம் இல்லை. மேலே கால்களுக்கு நடுவே ஒன்றரை அங்குல ஜி.ஐ. குழாய் வையுங்கள், அது தள்ளு தாங்கியாக நிற்கும். கொடிக் கம்பியைக் கையால் இழுத்துக் கட்டினால் போதும்.

---

ஒரு கல் போதும்

மூன்றும் நன்றாக இருக்கும், மூன்றும் சேர்ந்து நன்றாக இருக்காது. மொத்தம் 154 சதுர அடி. நான்கு கல்லுக்கால் நட்டால் நடக்கும்போது தோள் இடிக்கும். அதைவிட, உங்களுக்கு நாள் முழுக்கக் கிடைப்பதே ஐந்து மணி நேர வெயில். அதையும் பந்தல் மறைத்தால் தகட்டின் நிழலும் இல்லை, செடியும் இல்லை.

பந்தலை விட்டுவிட்டு இரண்டு கல்லுக்கால் மட்டும், தெற்கு ஓரத்தில், ஆறடி இடைவெளியில். நடுவில் ஒரு அடிக்கு ஒரு கம்பி. துணி துவைக்கும் இடம், கழிவுக்குழாய் எல்லாம் அதற்குப் பின்னால் போய்விடும். கொடி என்றால் சங்குப்பூ, முல்லை. காகிதப்பூ இந்த அகலத்துக்குச் சட்டையைக் கிழிக்கும். ரங்கூன் மல்லி இரண்டு வருடத்தில் கம்பியை வளைக்கும் எடைக்கு வரும்.

தகட்டின் கீழ் விளிம்பு தரையிலிருந்து 18 அங்குலத்தில் இருக்கட்டும், மேல் விளிம்புக்கு மேலே ஆறு அங்குலம் மதில் மிஞ்சும். 15 அங்குல உரல் கோலத்தை மறைக்காது. உரல் சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, நடுக்கோட்டிலிருந்து ஒன்றரை அடி வடக்கே விலகி. நேர் நடுவில் வைத்தால் பலிபீடம் போலாகிவிடும்.

தரைக்குப் பாலிஷ் போட்ட கிரானைட் வேண்டாம், ஈரத்தில் வழுக்கும். நெருப்பு காட்டிச் சொரசொரப்பாக்கிய கல், இரண்டு அங்குலக் கனம். கறுப்புக் கல் மதிய வெயிலில் கால் வைக்க முடியாமல் சுடும்.

---

பின்கட்டு

எல்லோருக்கும் நன்றி. பந்தலை விட்டோம், இரண்டு கால் போதும். மூன்று சந்தேகம். உப்புத் தண்ணீருக்கு என்ன வழி? உரல் கருங்கறுப்பு, வெள்ளை படிந்தால் அப்படியே தெரியும். பம்புக்கும் விளக்கிற்கும் கரண்டு எப்படிக் கொண்டுபோவது? டெங்கு பயமும் இருக்கிறது.

---

ஈரக்கை

தண்ணீர்: ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். குறையக் குறைய போர் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் மாதத்துக்கு மாதம் உப்பு ஏறும். எனவே மாடி மழைநீரைப் பிடியுங்கள். 100 சதுர அடி மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 90 லிட்டர் வரும். ஒரு 500 லிட்டர் டிரம் இரண்டு நல்ல மழையில் நிறையும். ஒகேனக்கல் திட்டக் குடிநீர் வந்தால் அதைக் குடிக்க வைத்துக்கொள்ளுங்கள்.

படிந்த வெள்ளைக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம். துணியில் நனைத்து 15 நிமிடம் போர்த்திவைத்து, நைலான் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கக்கூஸ் ஆசிட் கூடவே கூடாது. கல்லில் உள்ள இரும்புத் தாதுவைக் கரைத்துப் பழுப்புக் கறையாக இறக்கிவிடும், அது போகாது. இனிமேல்தான் கல் வாங்குவது என்றால் கறுப்பை விட்டுவிட்டு, இந்தப் பக்கத்துப் பாரடைசோ மாதிரி சாம்பலும் ஊதாவும் மேகமாக ஓடுகிற கல்லை எடுக்கச் சொல்வேன். அதில் படிவு கண்ணுக்கே தெரியாது. கையில் உரல் இருப்பதால் அந்தப் பேச்சு உங்களுக்கு இல்லை.

பம்பு: உளிச்சத்தம் சொன்ன மாதிரி மூக்கு வைத்தால் மேலே மணிக்கு 400 லிட்டர் வந்தால் தாராளம். சுற்றிலும் வழிய வேண்டுமென்றால் 850 வரை வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் லிட்டர் கணக்கு தூக்கே இல்லாதபோது வருவது. தொட்டி அடியிலிருந்து உரல் வாய்க்கு இரண்டேகால் அடி, அதோடு குழாயின் உராய்வு. 2 மீட்டர் தூக்கு, 1000 லிட்டர் என்று போட்டதை வாங்கி, நடுவில் ஒரு சின்ன வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். உறிஞ்சும் வாயில் வடிகட்ட ஸ்பாஞ்சு. தண்ணீர் பம்புக்குக் கீழே போனால் காற்றிழுத்துக் கருகும். சத்தம் மாறியதும் நிறுத்துங்கள்.

கரண்டு: பம்பு லைனுக்குத் தனியாக 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (கரண்டு கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). இது இல்லாமல் ஆரம்பிக்கவே வேண்டாம். பிளக்கும் சுவிட்சும் வீட்டுச் சுவரில், மழை படாத மூடி போட்ட பெட்டியில், தரையிலிருந்து மூன்றடிக்கு மேல். ஒயரை நடுவில் ஒட்டுப் போட்டு டேப் சுற்றுவது தொட்டிப் பக்கம் ஆகாது. தேவையான நீளத்துக்கு ஒரே ஒயராக வரும் பம்பாகப் பார்த்து வாங்குங்கள். பாறை இருப்பதால் பள்ளம் தோண்டாமல், மதில் ஓரமாகக் கனமான பி.வி.சி. குழாயில் கிளாம்ப் அடித்துக் கொண்டுபோகலாம். விளக்கு 12 வோல்ட் மட்டும். தகட்டின் பின்னால், மேல் சட்டத்திலும் கீழ்ச் சட்டத்திலும் 3000 கெல்வின் (இளமஞ்சள் வெளிச்சம்) எல்.இ.டி. பட்டை, சுவரைப் பார்த்து. முன்னால் ஃபோகஸ் அடித்தால் கோலம் தட்டையாகத் தெரியும். பின்னால் வைத்தால்தான் சுவர் ஒளிர்ந்து, கம்பி கறுப்பாக எழும்பும்.

கொசு: ஏடிஸ் முட்டையிலிருந்து கொசுவாக வர ஏழு முதல் பத்து நாள். பம்பு ஓடுவதால் உரலில் தண்ணீர் அசையும், தொட்டி மூலையில் அசையாது. அங்கேதான் புழு வரும். கூழாங்கல்லுக்கு அடியில் வலை, விளிம்பில் இடைவெளி இல்லாமல். வாரத்துக்கு ஒரு நாள், கிழமை வைத்துக்கொண்டு, முழுக்க இறைத்துத் தொட்டிச் சுவரைத் தேய்த்துவிடுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக் காய்ந்து கிடக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. மழைநீராக இருந்தால் இறைத்ததைச் செடிக்கு விடலாம். ஊருக்குப் போகும்போது தொட்டியைக் காயவிட்டு, உரல் குழியில் நிற்பதையும் ஒற்றி எடுத்துவிடுங்கள். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

---

உளிச்சத்தம்

வரிசையையும் சொல்லிவிடுகிறேன். ஒயர் குழாய், தொட்டி, பிறகு உரல், பிறகு கால்கள், தரைக்கல், கடைசியில் தகடு. தரைக்கல் போட்ட பிறகு 150 கிலோ உரலை உருட்டினால் கல் மூலை உடையும். உரலை உள்ளே கொண்டுவர இரண்டு அங்குல ஜி.ஐ. குழாய்த் துண்டு நான்கு, ஒரு பலகை, மூன்று ஆள். பக்கச் சந்து எத்தனை அடி என்று அளந்தீர்களா?

---

பின்கட்டு

சந்து இரண்டே முக்கால் அடி, போகும். பட்டறை அண்ணா, கோலத்தைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறேன் என்கிறார் ஒரு தம்பி. வெட்டுவதற்கு முன் ஃபைல் சரியாக இருக்கிறதா என்று நான் எப்படிப் பார்ப்பது?

---

பட்டறை

ஓட்டையை எண்ணுங்க. புள்ளி இருக்க வேண்டிய இடம் 7×12 = 84. நாலு புள்ளிக்கு நடுவுல வர்றது 6×11 = 66. சட்டத்தை ஒட்டி ஓரத்துல வர்றது மூலையோட சேத்து 38. மொத்தம் 188 உள்வெட்டு, அதோட வெளிக்கோடு ஒண்ணு. டிஎக்ஸ்எஃப் ஃபைலை (லேசருக்குக் குடுக்கிற வரைபட ஃபைல்) திறந்தா மூடின வடிவம் எத்தனைன்னு சாஃப்ட்வேரே சொல்லும், 189 வரணும்.

188க்குக் கீழ போனா ரெண்டு ஓட்டை ஒண்ணா சேந்திருக்கு, அதாவது எங்கயோ கம்பி அறுந்திருக்கு. கூடுதலா வந்தா கம்பி குறுக்க போற இடத்துல ரெண்டையும் இணைக்காம மேல மேல வரைஞ்சிருக்காரு. அப்படியே விட்டா லேசர் அந்தச் சந்திப்பையே வெட்டி எடுத்துடும். அளவு மி.மீ.யில இருக்கான்னும் பாருங்க, வெளிச்சட்டம் 900னு காட்டணும். எல்லாம் சரின்னா முதல்ல ஒரு மூலையை மட்டும் ஒரு அடிக்கு ஒரு அடி அட்டையில வெட்டி, மதில்ல ஒட்டி, சமையலறை ஜன்னல்ல இருந்து பாருங்க. 12 மி.மீ. மெலிசாத் தெரிஞ்சா 14 ஆக்கிக்கலாம். எண்ணிக்கை மாறாது, எடை மட்டும் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் மேல ஏறும்.